உயிருக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ்!

நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கியிருக்கிறார். பழைய கார் என்றதும் காயலான் கடையை நினைத்துவிடாதீர்கள். 1986 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ், 300 எஸ்.இ. கார்ப் பைத்தியங்கள் இதை 'டபிள்யூ 126' என்று கம்பெனிக்குள் வைத்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "வந்து பாருங்க சார், கோயில் தேர் மாதிரி நிக்குது" என்று நாலு தடவை போன். போனேன்.

போர்ட்டிகோவில் நின்றது தேர். அதற்கு இடம் விடுவதற்காக, மகள் தினமும் ஆபீஸ் போகும் சின்னக் காரை வெளியே வெயிலில் தள்ளி நிறுத்தியிருந்தார்.

நண்பர் பென்ஸின் கதவைத் திறந்து, மெதுவாக விட்டார். 'தப்' என்று ஒரு சத்தம். பீரோ மூடிய மாதிரியும் இருந்தது, தலையணை விழுந்த மாதிரியும் இருந்தது. "கேட்டீங்களா? இது கார். இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா சார்!" என்றார். பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான் இது.

சும்மா சொல்லக் கூடாது, கார் அருமையான கார். 1979 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1991-ல் அடுத்த மாடல் வரும்வரை ஓஹோ என்று விற்றது. நாலு கதவு மாடல் மட்டுமே 8 லட்சத்துக்கு மேல். டிசைன் பொறுப்பு புரூனோ சாக்கோ என்ற இத்தாலியருக்கு. 1973 எண்ணெய் நெருக்கடியில் வாங்கிய சூடு ஆறாத நேரத்தில் உருவான கார் என்பதால், முந்தைய மாடலைவிட எடையைக் குறைத்து, காற்றைக் கிழிக்காமல் வழுக்கிப் போகிற மாதிரி உடம்பை இழைத்து, கனத்த குரோம் பம்பரைத் தூக்கிவிட்டு பிளாஸ்டிக் பம்பர் வைத்தார்கள்.

பின் விளக்கைத் தடவிப் பார்த்தேன். வரி வரியாகப் பள்ளமும் மேடுமாக இருந்தது. அழகுக்கு இல்லையாம். சேறு படிந்தால் மேட்டில்தான் படியும், பள்ளம் ஓரளவு சுத்தமாக இருக்கும், பின்னால் வருகிறவனுக்கு வெளிச்சம் தெரியும். சீட்டை நகர்த்தும் ஸ்விட்ச் கதவில் இருக்கிறது, ஒரு குட்டி சீட் வடிவத்திலேயே. முதுகைச் சாய்க்க வேண்டுமா, குட்டி முதுகைச் சாய்த்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட உபயோகிக்கலாம். இப்படியெல்லாம் யோசித்த மனிதர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சண்டைக்கே போகிறேன்.

இந்தக் காரின் நிஜமான சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. 1969-லிருந்து பென்ஸ் கம்பெனி ஒரு வேலை செய்துவந்தது. ஸிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலை சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது பென்ஸ் கார் விபத்தில் மாட்டினால், போலீஸ் தகவல் சொல்லும். இன்ஜினீயர்கள் கேமராவும் அளவு டேப்புமாகக் கிளம்பிப் போய், எது எவ்வளவு நசுங்கியது, உள்ளே இருந்தவருக்கு எங்கே அடி, ஏன் அடி என்று குறித்துக்கொண்டு வருவார்கள். (நம் ஊரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்று எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி எழுதினால் ஆராய்ச்சி முடிந்தது.)

அப்படிக் குறித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. சோதனைக் கூடத்தில் காரைக் கொண்டுபோய் நேராகச் சுவரில் மோதுகிறார்கள். முகம் முழுக்க ஒரே சமமாக அடி வாங்குகிறது. ரோட்டில் யாரும் அப்படி மோதுவதில்லை. எதிரே லாரி வருகிறது, ஓவர்டேக் செய்தவன் கடைசி நொடியில் ஒடிக்கிறான், பாதி முகம்தான் மோதுகிறது. அதுவும் டிரைவர் இருக்கிற பாதி. அந்தப் பக்கத்து இரும்பு மட்டும் மொத்த அடியையும் வாங்கி, அப்படியே டிரைவரின் காலுக்கு வந்துவிடுகிறது.

அதனால் டபிள்யூ 126-ல் முன்பக்க இரும்புச் சட்டத்தைக் கவட்டைக் குச்சி மாதிரி பிளந்தார்கள். ஒரு மூலையில் வாங்கும் அடி பிரிந்து, தரைக்கும், நடுவில் ஓடும் மேட்டுக்கும், கதவுக்குக் கீழே உள்ள சட்டத்துக்குமாகப் போய்விடும். முகத்தின் 40 சதவிகிதம் மட்டும் மோதினால், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் வரை உட்காருகிற அறை நசுங்கக் கூடாது என்பது கணக்கு. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவிகிதம், 55 கிலோமீட்டர், வருஷம் 1979.

அடுத்தது ஏர்பேக். 1971-லேயே பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்து, பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, 1981-ல் இந்த எஸ் கிளாஸில் கொண்டுவந்தார்கள். மோதலை உணரும் கருவி சிக்னல் கொடுத்ததும் ராக்கெட்டில் வைக்கிற மாதிரி ஒரு திட எரிபொருள் பற்றிக்கொண்டு வாயுவைக் கக்கும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முப்பது பங்கு நேரத்தில் பை உப்பி நிற்கும். நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் மூன்று தடவை இது நடந்து முடிந்துவிடும். கூடவே சீட் பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கும் சாதனமும் வைத்தார்கள். பெல்ட்டுக்குப் பதிலாக ஏர்பேக் இல்லை, பெல்ட்டோடு ஏர்பேக் என்ற சரியான புத்தி அவர்களுக்கு இருந்தது.

இதையெல்லாம் நண்பருக்குச் சொல்லிக்கொண்டே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். நடுவில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. ஏர்பேக் இல்லை.

"எங்க சார் ஏர்பேக்?"

"ஆப்ஷன் சார் அது. முதல் ஓனர் எடுக்கல போலிருக்கு."

ஆப்ஷன்! இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று அந்த சீட்டிலேயே முடிவு செய்தேன்.

ஏர்பேக்கைப் பக்குவப்படுத்திய அதே கம்பெனி, உலகத்திலேயே சிறந்த கார் என்று விற்ற அதே காரில், அதை மரப் பலகை, தோல் சீட், சன் ரூஃப் வரிசையில் எக்ஸ்ட்ரா சார்ஜ் பட்டியலில் வைத்தது. ஜெர்மனியில் எல்லா பென்ஸ் காருக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயமாக வருவதற்கு 1992 ஆகிவிட்டது. பதினொரு வருஷம்! 1978-ல் முந்தைய எஸ் கிளாஸில் அறிமுகமான ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் அதே 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு நாட்டில் மட்டும் 80-களின் நடுவிலேயே எல்லா பென்ஸிலும் டிரைவர் ஏர்பேக் வந்துவிட்டது. அமெரிக்காவில். அங்கே என்ன நடந்தது தெரியுமா? 70-களில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 10,000 கார்களில் ஏர்பேக் வைத்து விற்றுப் பார்த்துவிட்டு, ஆளைவிடு என்று நிறுத்திக்கொண்டது. (ஆக, ஏர்பேக்கை முதலில் விற்றது பென்ஸ்தான் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நிலைக்கவைத்தது பென்ஸ்.) தானாகவே காப்பாற்றும் சாதனம் ஒன்று எல்லாக் காரிலும் வேண்டும் என்று அரசாங்கம் போட்ட விதியை, 1981-ல் ரீகன் அரசு ரத்து செய்தது. விடவில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். செத்தவன் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பது அவர்கள்தானே! ஸ்டேட் ஃபார்ம் என்ற கம்பெனி கோர்ட்டுக்குப் போய், 1983-ல் சுப்ரீம் கோர்ட் வரை வந்து ஜெயித்தது. ரத்து செய்ததற்குச் சரியான காரணம் சொல்லவில்லை என்று அரசின் தலையில் குட்டியது நீதிமன்றம். 1984-ல் விதி திரும்ப வந்தது.

அதன் பிறகு ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் தயாரான இரண்டு எஸ் கிளாஸ் கார்களில், கப்பல் ஏறுகிற காருக்கு ஏர்பேக் உண்டு. உள்ளூர்க் காருக்குக் கூடுதல் பணம் கட்டினால் உண்டு. உள்ளூர்க்காரனின் மண்டை என்ன கெட்டியா?

'இன்றைக்கு எஸ் கிளாஸில் வருவது நாளைக்கு எல்லாக் காரிலும் வரும்' என்று கார்ப் பத்திரிகைக்காரர்கள் எழுதி எழுதி அது ஒரு வேதவாக்காகிவிட்டது. மேலே ஊற்றினால் கீழே சொட்டும் என்ற தத்துவம். இந்தச் சொட்டுத் தத்துவம்தான் எனக்கு ஆகவே ஆகாது. சொட்டவில்லை சார். ஒவ்வொரு சொட்டையும் யாரோ பிழிந்திருக்கிறார்கள்.

இன்னொரு கதை கேளுங்கள். வளைவில் கார் சறுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் இ.எஸ்.பி. என்ற சாதனம், 1995-ல் பென்ஸின் உச்சாணிக் கொம்பான எஸ் 600 கூபேயில் வந்தது. 1997-ல் அதே கம்பெனி ஏ கிளாஸ் என்று தன் மிகச் சின்னக் காரைக் கொண்டுவந்தது. அதில் இ.எஸ்.பி. இல்லை. அக்டோபர் 21-ம் தேதி, சுவீடனில் 'டெக்னிகென்ஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகைக்காரர்கள் அந்தக் காரை எடுத்துக்கொண்டுபோய், ரோட்டில் திடீரென்று கடமான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவது போல ஒரு சோதனை செய்தார்கள். கார் குப்புறக் கவிழ்ந்தது. முதலில் கம்பெனி சமாளித்துப் பார்த்தது, டயரைக் குறை சொன்னது. உலகமே கைகொட்டிச் சிரித்ததும் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்பக் கூப்பிட்டு, அந்தக் குட்டிக் காரில் இ.எஸ்.பி.யை இலவசமாகவே பொருத்திக் கொடுத்தது.

இரண்டே வருஷத்தில் உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டது பாருங்கள்! விலை குறைந்ததாலோ தொழில்நுட்பம் பழகியதாலோ இல்லை. வராத ஒரு கடமானால்!

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1959-ல் வால்வோ கம்பெனியின் நீல்ஸ் பொலீன் என்ற இன்ஜினீயர், இன்று நாம் போடுகிறோமே (போலீஸ்காரரைப் பார்த்ததும்), அந்த மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். வால்வோ அதைத் தன் சாதாரணக் கார்களிலேயே அந்த வருஷமே வைத்தது. பேட்டன்ட்டை யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம் என்று திறந்தும் விட்டது. இதுவரை கார்களில் மிக அதிக உயிர்களைக் காப்பாற்றிய சாதனம் எது என்றால், ஒரு முழம் நாடாதான். ராஜா வீட்டுக் காரிலிருந்து சொட்டியதில்லை அது.

ராஜா வீட்டுக் கார் என்றதும் ஞாபகம் வருகிறது. 1997 ஆகஸ்ட் 31-ம் தேதி பாரிஸ் சுரங்கப்பாதையில் இளவரசி டயானா போன கார் எஸ் கிளாஸ்தான், டபிள்யூ 126-க்கு அடுத்த மாடல். 2008-ல் லண்டன் விசாரணையில் ஜூரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர் பெல்ட் போடவில்லை என்பது. டாடா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தபோதும் பென்ஸ் கார்தான், பின் சீட்தான், பெல்ட் இல்லைதான். எத்தனை பை உப்பினாலும் அந்த ஒரு முழம் நாடா இல்லாவிட்டால் கதை வேறு. நண்பரின் பென்ஸில் பின் சீட் பெல்ட்டைத் தேடினேன். சீட் இடுக்கில் புதைந்து கிடந்தது. 1986-லிருந்து யாராவது தொட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை வாங்கி மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ, ஐ10. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். முகத்தின் 40 சதவிகிதம் மோதுகிற அதே முறை, வேகம் 64 கிலோமீட்டர். பெரியவர்களைக் காப்பாற்றுவதில் ஐந்துக்கும் முட்டை. பூஜ்யம் நட்சத்திரம்.

இதில் ஐ10 நம்ம இருங்காட்டுக்கோட்டைக் கார். சென்னைக்குப் பக்கத்தில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. 2008-ல் ஐரோப்பிய என்.சி.ஏ.பி. அதை மோதிப் பார்த்து நாலு நட்சத்திரம் கொடுத்தது. ஏனென்றால் அங்கே போன காரில் ஏர்பேக் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பையன் திருகிய அதே போல்ட், அதே லைன், அதே பெயர். கப்பல் ஏறினால் நாலு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடினால் முட்டை. பென்ஸ் 80-களில் செய்ததும் இதுதான். ஒரே வித்தியாசம், அங்கே உள்ளூர்ப் பணக்காரன் ஏமாந்தான், இங்கே கடன் வாங்கிக் கார் வாங்கியவன் ஏமாந்தான்.

முட்டை வாங்கிய செய்தி வந்ததும் ஃபோக்ஸ்வேகன் என்ன செய்தது? ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திவிட்டது. செய்ய முடிந்திருக்கிறது பாருங்கள். முதல் நாள் வரை முடியாமல் இருந்தது.

சட்டம் எப்போது வந்தது? ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே அந்த எண்களை, இப்போது எடுங்கள். காரின் முகத்தில் 40 சதவிகிதம், 56 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் சோதனையில் தேற வேண்டும் என்று இந்தியாவில் புது மாடல்களுக்கு 2017-ல் விதி வந்தது. எல்லாக் கார்களுக்கும் 2019-ல். நாற்பது வருஷத்தில் ஒரு கிலோமீட்டர் முன்னேறியிருக்கிறோம். ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரல். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உயிர் இருக்கிறது என்று 2021-ல்தான் கண்டுபிடித்தோம்.

பிறகு ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் ஒரு வரைவு வந்தது. அந்த வருஷம் அக்டோபர் என்றார்கள், அடுத்த வருஷம் அக்டோபர் என்றார்கள், கடைசியில் 2023 செப்டம்பரில் கட்டாயம் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். ஏழைக்கு எட்டாமல் போய்விடும் என்ற வாதத்தை மாருதியின் தலைவர் ஆர்.சி.பார்கவா போன்றவர்கள் வைத்தார்கள். விலை ஏறினால், டூவீலரில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு போகிறவன் காருக்கு மாற மாட்டான், அவனுக்கு அதுதானே பெரிய ஆபத்து என்பது கேள்வி. ஒதுக்கித் தள்ள முடியாத கேள்விதான். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கு மேல் பேர் செத்திருக்கிறார்கள், அதில் டூவீலர்காரர்களும் நடந்து போனவர்களும்தான் அதிகம். ஆனால், ஐயா, அதே கம்பெனிகள் டச் ஸ்கிரீன் வைத்தபோது ஏழையை நினைத்துக் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. விலை ஏறுகிறது என்று எந்த மாடலிலாவது குரோம் பட்டையைக் கழற்றியிருக்கிறார்களா? கவலை எல்லாம் ஏர்பேக் பக்கம் வரும்போது மட்டும் வருகிறது. அப்புறம் 2025-ல் அதே மாருதி, ஆல்டோ கே10-ல்கூட ஆறு ஏர்பேக் வைத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

புதுத் தொழில்நுட்பம் விலை கூடத்தான் இருக்கும், முதலில் பணக்காரன் வாங்கட்டும், அவன் காசில் பரிசோதனை நடக்கட்டும் என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஸே ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. மோதினால் முன்னும் பின்னும் நசுங்கி நடுவில் இருப்பவனைக் காப்பாற்றும் உடலமைப்புக்கு, பேலா பாரெனி என்ற அவர்களுடைய இன்ஜினீயர் 1951-லேயே பேட்டன்ட் கேட்டார். அது 1959-ல் பெரிய பென்ஸில் வந்தது, 1961-ல் அதே உடலோடு அவர்களின் விலை குறைந்த காரிலும் வந்துவிட்டது. இரண்டே வருஷம். உடம்பின் எலும்பை ஆப்ஷன் என்று தனியாகக் கழற்றி விற்க முடியாது அல்லவா? தனியாகக் கழற்ற முடிந்த ஏர்பேக்குக்கு, 1981-லிருந்து நம் ஊர் 2019 வரை 38 வருஷம்.

இன்ஜினீயர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நள்ளிரவில் டேப்பை எடுத்துக்கொண்டு விபத்து நடந்த இடத்துக்கு ஓடியவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி, 'இது அவசியம்', 'இது விருப்பம்' என்று இரண்டு பத்தியாகப் பிரித்த, விலைப்பட்டியல் எழுதுகிற ஆசாமி ஒருவன் இருக்கிறான். டபிள்யூ 126-க்கு மியூசியம் இருக்கிறது, ரசிகர் மன்றம் இருக்கிறது. அந்த ஆசாமியைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

கிளம்பும்போது வெயிலில் நின்ற அந்தச் சின்னக் காரை எட்டிப் பார்த்தேன். 2013 மாடல். ஸ்டீயரிங் நடுவில் வழுவழுவென்று பிளாஸ்டிக்.

"இதுல ஏர்பேக் இல்லையா சார்?"

"இருந்துச்சு. ஆப்ஷன். அந்த வேரியன்ட்டுக்கு இன்னும் நாற்பதாயிரம் ஆகும்னு சொன்னாங்க. டவுனுக்குள்ள ஓட்டறதுதானேன்னு விட்டுட்டேன். அந்தக் காசுல அலாய் வீலும் மியூசிக் சிஸ்டமும் போட்டுக் கொடுத்தேன், பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம்."

"பென்ஸ் டேஷ்போர்டு மரத்துக்குப் பாலிஷ் போட்டிருக்கீங்க போல, பளபளன்னு இருக்கே... எவ்வளவு ஆச்சு?"

"அது ஆச்சு சார், நாற்பத்தஞ்சு" என்றார்.